கோப்பைக்குக் கொடுக்கிறோம், பந்துக்குக் கொடுக்கிறோமா?

2021-ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கல் அன்று, ஜனவரி 15-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இந்திய டெஸ்ட் அணிக்காக இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்கள் ஒன்றாகக் களமிறங்கினார்கள். இருவருக்கும் அதுவே முதல் டெஸ்ட். இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களின் வரிசையில் டி. நடராஜனுக்கு 300-ஆவது இடம். வாஷிங்டன் சுந்தருக்கு 301-ஆவது இடம். முன்னணி வீரர்கள் பலர் காயம்பட்டு ஒதுங்கியிருந்த நேரம். அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு ஒரு டெஸ்டில்கூடத் தோற்றிருக்கவில்லை. முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு 3 விக்கெட் எடுத்தார்கள். பிறகு இந்தியா 186 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தள்ளாடியபோது சுந்தர் 62 ரன்னும் ஷர்துல் தாக்கூர் 67 ரன்னும் அடித்து, ஏழாவது விக்கெட்டுக்கு 123 ரன் சேர்த்தார்கள். 19-ஆம் தேதி 3 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. அன்று மதியம் நம் கடைகளில் பொட்டலம் மடிக்கிற கை கொஞ்ச நேரம் நின்று போயிருந்தால் ஆச்சரியமில்லை.

வெற்றியைப் பற்றிப் பத்திரிகைகள் அப்போதே எழுதித் தீர்த்துவிட்டன. வணிகர்களாகிய நாம் பார்க்க வேண்டியது, இந்த இருவருக்கும் முதல் போட்டவர் யார் என்பதை. அரசாங்கமும் போடவில்லை, பெரிய கம்பெனியும் போடவில்லை. இருவர் விஷயத்திலும் உறவுமுறைகூட இல்லாத ஒரு மனிதர் இருந்தார்.

சின்னப்பம்பட்டிக்காரர்

நடராஜன் 1991-இல் பிறந்தவர். ஊர், சேலம் மாவட்டத்தில் உள்ள சின்னப்பம்பட்டி. தகப்பனார் தறிக்கூலி, தாயார் சாலையோரத்தில் சிறுகடை வைத்திருந்தவர். வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர் மூத்தவர். இருபது வயது வரை இவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்தில்தான். அந்த ஊரில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு விளையாடி வந்த ஜெயப்பிரகாஷ் என்பவர், இந்த இடக்கைப் பந்துவீச்சில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். கண்டதோடு விட்டுவிடவில்லை, சென்னைக்கு அழைத்துப்போய் லீக் போட்டிகளில் ஆட வழி செய்தார். நான்காவது டிவிஷனில் ஒரு பொதுத்துறை அணி, அங்கிருந்து விஜய் கிளப், அதன்பின் ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறினார் நடராஜன்.

ஏறின வழி நேர்வழியாக இருக்கவில்லை. 2015-இல் ரஞ்சிக் கோப்பைக்குத் தேர்வான உடனேயே அவர் பந்து வீசும் முறையில் ஐயம் எழுந்தது. ஓராண்டுக்கும் மேல் ஒதுங்கி, கையையும் தோளையும் புதிதாகப் பழக்க வேண்டியதாயிற்று. மளிகைக் கடையில் எடைக்கல்லில் முத்திரை தவறிவிட்டது என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த நாட்களில் அவரை ஊருக்கே திரும்பிப்போக விடாமல் தாங்கியது கிளப்பும் நண்பர்களும்தான். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்கு ஆடினார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் தொடங்கி 3 கோடி ரூபாய்க்குப் போனார். சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று பொறித்துக்கொண்டு ஆடியவர் அவர். ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. நடராஜன் சம்பாதித்ததும் ஊரில் பையன்களுக்குப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அந்த வழியில் வந்த ஜி. பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் 5 விக்கெட் எடுத்துச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2023 ஜூன் மாதம் சின்னப்பம்பட்டியில் நடராஜன் பெயரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. போட்ட முதல் வட்டியோடு திரும்பிவந்து, அதே ஊரில் மறுபடியும் முதலாகிறது.

வேடிக்கை பார்க்க வந்தவர்

வாஷிங்டன் சுந்தரின் பெயரைக் கேட்டுப் பலரும் குழம்பியது உண்டு. அவரது தகப்பனார் எம். சுந்தர் சொல்லிய விளக்கம் இது. அவர் சிறுவனாக இருந்தபோது, திருவல்லிக்கேணியில் இரண்டு தெரு தள்ளி பி.டி. வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவத்தார் இருந்தார். கிரிக்கெட்டில் அவருக்குப் பைத்தியம். பையன்கள் விளையாடுவதைப் பார்க்க வருவார். சுந்தரின் குடும்பத்தில் வசதி இல்லை என்று தெரிந்ததும் பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுத்தார், புத்தகம் வாங்கிக் கொடுத்தார், சம்பளம் கட்டினார், சைக்கிளில் ஏற்றி மைதானத்துக்கு அழைத்துப் போனார். சுந்தர் ரஞ்சி உத்தேச அணியில் இடம்பெற்றபோது அவரைவிட மகிழ்ந்தவர் அந்தப் பெரியவர்தானாம். 1999-இல் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் சுந்தருக்கு ஒரு மகன் பிறந்தான். நன்றி மறவாமல் அந்தப் பெயரையே வைத்தார்.

எம். சுந்தர் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடவில்லை. சென்னை லீக்கில் கிளப் ஆட்டக்காரராக இருந்தார். ஆனால் கற்ற ஆட்டத்தைப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தார். பெரியவர் வாஷிங்டன் ஒரு சீருடைக்கும் சில நோட்டுப் புத்தகங்களுக்கும் கொடுத்த காசு, ஒரு தலைமுறை தாண்டிப் பிரிஸ்பேனில் வசூலானது. இவ்வளவு நீண்ட கால பாக்கியை எந்த வியாபாரியும் பேரேட்டில் வைத்திருக்க மாட்டார்.

அமெச்சூர் கிளப் என்பதன் பொருளே இதுதான். சம்பளம் இல்லாமல், ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைக்காக நடத்துவது. இப்போது ஊருக்கு ஊர் அகாடமி வந்துவிட்டது. அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல பயிற்சி தருபவை பல உண்டு. ஆனால் அகாடமிக்கு மாதக் கட்டணம் கட்டினால்தான் பையன் உள்ளே போக முடியும். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. கிளப்பில் பந்து பொறுக்கப் போகிற பையன்கூட ஒரு நாள் ஆள் குறைந்தால் பதினொன்றாவது ஆளாக இறங்கிவிடுவான். பதினான்கு வயதுப் பையன் முப்பது வயதுக்காரரோடு ஆடி, அடி வாங்கி, வசவும் வாங்கித் தேறுகிற இடம் அது. பள்ளிக்கூட அணியில் ஒத்த வயதுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். பிளஸ் டூ முடிந்தால் அதுவும் முடிந்தது.

கம்பெனி இல்லாத ஊரில் கடைதான் கம்பெனி

சென்னையில் இந்தக் கிளப்புகள் எப்படி நிலைத்தன? தொடக்கத்திலேயே வணிகக் குடும்பத்துப் பணம் அதில் இருக்கிறது. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடு, பாரி கம்பெனியில் துபாஷாக இருந்த வேங்கடசாமி நாயுடுவின் பேரர். வெள்ளைக்காரர்களின் கிளப் மைதானத்தில் இந்தியர் ஆட நேர்ந்தால், பெவிலியனுக்குள் இடமில்லை, மரத்தடியில்தான் சாப்பாடு என்ற நிலைமை. பொறுக்காத புச்சி பாபு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்து இளைஞர்களைப் பழக்கினார். 1908-இல், முதல் மாகாணப் போட்டி நடக்க இருந்த வேளையில் அவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் சி. ராமசாமி 1936-இல் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அப்போது அவருக்கு வயது 40!

பிற்காலத்தில் அந்தப் பொறுப்பைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சென்னை லீக்கின் முதல் டிவிஷனில் பல கிளப்புகளுக்குப் பின்னால் சிமென்ட், டயர், ரசாயனக் கம்பெனிகள் நின்றன. நமக்குப் பக்கத்தில், தாழையூத்து சிமென்ட் ஆலை 1949-இல் வந்தது. ஆலையை ஒட்டிச் சங்கர் நகரில் உருவான மைதானத்தில்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. ஆலை இருந்த இடத்தில் மைதானம் பிறந்தது.

குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம்மிடம் இருப்பது கோட்டாறு கடைத்தெருவும், வடசேரிச் சந்தையும், மார்த்தாண்டமும், தக்கலையும், திங்கள் சந்தையும், தோவாளைப் பூ மார்க்கெட்டும். முந்திரி, கயிறு, ரப்பர், தேங்காய், மீன், பலசரக்கு. அதாவது ஆயிரக்கணக்கான சிறு கடைகள். இங்கே ஒரு கிளப் பிழைத்திருந்தால் அது கடைக்காரர் கொடுத்த நூறும் இருநூறும் சேர்ந்துதான். ஆகவே நாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயமாகிறது.

கொடுப்பதில் நம்மவர்கள் சோடை போனதில்லை. கும்பப்பூ அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் வயல் காய்ந்து, தாள் தரையோடு கிடக்கும்போது நாஞ்சில் நாட்டில் கிரிக்கெட் தொடங்கும். இடவப்பாதி மழை வரும்வரைதான் காலம். நமக்குத்தான் வருஷத்துக்கு இரண்டு மழை ஆயிற்றே. அந்த மூன்று மாதத்துக்குள் எத்தனை ரசீதுப் புத்தகங்கள் கடை ஏறி வருகின்றன! "அண்ணாச்சி, டோர்ணமென்ட் வச்சிருக்கோம். முதல் பரிசுக் கப்பு கடை பேர்ல போட்டிருதோம்" என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். "போன வருஷம் தந்தது என்ன ஆச்சுலே?" என்று கேட்டுக்கொண்டேதான் கல்லாவைத் திறப்போம். நோட்டீஸில் பெயர் வரும், ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், பரிசளிப்பு விழாவில் ஒரு பொன்னாடை. அதோடு கணக்கு முடிந்தது.

கோப்பை யார் கைக்குப் போகிறது?

இப்படிப்பட்ட பந்தயங்களைப் பார்த்து வந்தவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. பரிசுத் தொகை ஏற ஏற, அணிகள் வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வருகின்றன. பதினொருவரில் நாலைந்து பேர் வாடகை ஆட்கள். அவர்கள் மூன்று ஓவரில் முப்பது ரன் அடித்துவிட்டு அடுத்த ஊர்ப் பந்தயத்துக்குப் போய்விடுவார்கள். ஊர்ப் பையன் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டுவான். நாம் கொடுத்த பணம் சுற்றிச் சுற்றி யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். இளைஞர் வளர்ச்சிக்கு என்று ரசீதில் அச்சடித்திருக்கும். வளர்ந்த இளைஞன் யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

பந்தயமே கூடாது என்பதல்ல நம் கட்சி. எல்லைக்கு மேற்கே திருப்பூணித்துறையில் 1950-51-இல் ஒரு கிளப் தொடங்கிய பூஜா கிரிக்கெட் பந்தயம் நாடறிந்ததாயிற்று. கேளப்பன் தம்புரான் என்பவர் முன்னின்று நடத்தினார். ஓர் இன்னிங்ஸுக்கு 50 ஓவர் என்று கணக்கு வைத்து அங்கே ஆடினார்கள். இங்கிலாந்தில் கவுண்டிகளுக்கு இடையேயான ஒருநாள் பந்தயம் 1963-இல்தான் வந்தது என்பதை நினைத்தால் அதன் பெருமை விளங்கும். அப்போது நம் மாவட்டமும் திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-க்கு முன்பு நாகர்கோவில் பையன் ரஞ்சி ஆடியிருந்தால் அந்த அணிக்குத்தான் ஆடியிருப்பான்! திருப்பூணித்துறைப் பந்தயம் நிலைத்ததற்குக் காரணம், அதை நடத்தியது வருஷம் முழுவதும் உயிரோடு இருந்த ஒரு கிளப் என்பதே.

தராசில் வைத்துப் பார்த்தால்

பந்து விஷயத்துக்கு வருவோம். இதை விளையாட்டுக்காரர்கள் சொன்னால் நம்மில் பலருக்கு ஏறாது. தராசுக்காரர்களாகிய நமக்கு எடையில் சொன்னால் விளங்கும். சாதாரண டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம். கிரிக்கெட்டின் சட்டப்படியான தோல் பந்து 155.9 முதல் 163 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. எடை மட்டுமல்ல, தோல் பந்துக்கு நடுவில் தையல் உண்டு. தையல் தரையில் படுகிற விதத்தில் பந்து திரும்பும். ஒரு பக்கம் மெருகேற்றினால் காற்றில் வளையும். டென்னிஸ் பந்தில் இந்த வித்தை செல்லாது. அங்கே வேகமாக, காலடியில் குத்துகிற மாதிரி வீசத் தெரிந்தவன் ராஜா. நடராஜனுடைய யார்க்கர் அப்படிப் பழகி வந்ததுதான். ஆனால் மட்டைக்காரன் பாடு வேறு. டென்னிஸ் பந்தை எங்கே விழுந்தாலும் தூக்கி அடிக்கலாம். அதே வீச்சைத் தோல் பந்தில் வைத்தால் ஸ்டம்பு பறக்கும், அல்லது விரல் வீங்கும்.

மாவட்ட அணித் தேர்வு, மாநிலத் தேர்வு, லீக் எல்லாமே தோல் பந்தில்தான். பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினாறு வயதுக்குட்பட்டோர் என்று தேர்வு நடக்கும்போது, பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தோல் பந்தோடு பழகிய பட்டணத்துப் பிள்ளை ஒரு பக்கம். நம் பூதப்பாண்டிப் பக்கத்துப் பையன், குலசேகரம் பையன் இன்னொரு பக்கம். அவன் அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தப் பந்தைக் கையில் தொடுவான். நாலு பந்தில் வீடு திரும்புவான். திறமை இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டுவார்கள். அவனும் அப்படியே நம்பிவிடுவான். இருபது வயதில் தோல் பந்துக்கு மாறி டெஸ்ட் வரை போன நடராஜன் ஆயிரத்தில் ஒருவர். அவரைக் காட்டி எல்லாப் பையனும் மெதுவாக வரட்டும் என்று இருந்துவிட முடியாது.

அவன் ஏன் முன்பே தொடவில்லை? காசுதான். ஒரு நல்ல தோல் பந்தின் விலைக்கு டென்னிஸ் பந்து பல வாங்கலாம். டென்னிஸ் பந்துக்கு மட்டை ஒன்று இருந்தால் போதும். தோல் பந்துக்குப் பேடு, கிளவுஸ், ஹெல்மெட், அடிவயிற்றுக் காப்பு என்று எல்லாம் வேண்டும். வயல்வெளியில் ஆட முடியாது, விரிப்பு வேண்டும். அடித்த பந்து காணாமல் போகாமல் பழக வலை வேண்டும். மூன்றுமாதப் பந்தயத்துக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. ஆகவே எவரும் கேட்பதில்லை, நாமும் கொடுப்பதில்லை. சிலர் இடைவழியாகக் கார்க் பந்தில் ஆடுகிறார்கள். விலை குறைவு, ஆனால் கல் மாதிரி, மட்டையை உடைக்கும், தையலின் வித்தையும் அதில் கிடைக்காது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 133 முதல் 144 கிராம் வரையுள்ள சிறிய தோல் பந்தே விற்கிறது. நம் ஊர்க் கிளப்புகளில் பலருக்கு இது தெரியவும் தெரியாது.

விரிப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. இந்தியாவில் மேட்டிங் கிரிக்கெட்டுக்குத் தேங்காய் நாரில் நெய்த விரிப்பைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். கடலோரம் முழுக்கக் கயிறு திரிக்கிறோம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் 66 அடிக்கு ஒரு நார் விரிப்பு இல்லாமல் கிளப்புகள் நிற்கின்றன!

ஸ்கோர் புத்தகமும் ரோக்கடமும்

பிள்ளைகள் கடையைக் கவனிக்காமல் மைதானத்துக்கு ஓடுகிறார்கள் என்பது நம் வீடுகளில் உள்ள பழைய புகார். நியாயமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரம் பார்த்தவனுக்குத்தான் தெரியும் கையாள் பஞ்சம். ஆனால் ஒழுங்காக நடக்கிற கிளப்பில் ஒரு பையன் கற்பதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஸ்கோர் புத்தகம் எழுதத் தெரிந்த பையனைக் கவனித்திருக்கிறீர்களா? மட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் எடுத்த ரன்னையும் உதிரி ரன்னையும் கூட்டினால் ஒரு தொகை. பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த ரன்னோடு பை, லெக் பை சேர்த்தால் வருவது இன்னொரு தொகை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரன் உதைத்தாலும் முதல் ஓவரிலிருந்து தேட வேண்டும். ராத்திரி கடை அடைக்கும்போது ரோக்கடம் உதைத்தால் நாம் என்ன செய்கிறோமோ அதேதான்.

வணிகர் வீட்டுப் பிள்ளை விளையாட்டில் போனால் தொழில் அழிந்துவிடும் என்றும் இல்லை. இலங்கையில் கண்டிக்கு அருகே பிஸ்கட் ஆலை நடத்தியவர் சின்னச்சாமி முத்தையா. அவருடைய தகப்பனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போனவர். முத்தையாவின் மகன் கண்டி புனித அந்தோணியார் கல்லூரியில் படித்தபோது வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழற்பந்துக்கு மாறினான். பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கிளப்பில் சேர்ந்தான். அங்குள்ள தமிழர்கள் 1899-இல் தொடங்கிய கிளப் அது. டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன் அவர்தான். பிஸ்கட் தொழிலும் படுத்துவிடவில்லை.

கடற்கரைப் பக்கம் வேறு கதை. குளச்சல், இனயம், தூத்தூர் என்று போனால் கால்பந்துதான் ராஜா. அதற்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் கடலோரத்துப் பிள்ளைக்குக் கிரிக்கெட் வராது என்று சொல்ல முடியாதபடி செய்துவிட்டார் சஞ்சு சாம்சன். களியக்காவிளையிலிருந்து அதிகத் தூரம் இல்லாத விழிஞ்ஞம் பக்கத்துப் புல்லுவிளைக்காரர். தகப்பனார் டில்லிப் போலீசில் இருந்த கால்பந்து ஆட்டக்காரர். பிள்ளையின் ஆட்டத்துக்காகக் குடும்பத்தைக் கேரளத்துக்குத் திரும்ப அழைத்து வந்தார். திருவனந்தபுரத்தில் பிஜு ஜார்ஜ் என்ற பயிற்சியாளர் கையில் வளர்ந்த சஞ்சு, 2024-இல் டி-20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நம் கிளப்புகள் யோசிப்பதே இல்லை. 2025 நவம்பர் 2-ஆம் தேதி நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகாவது யோசிக்க வேண்டும். மதுரையில் பிறந்த ஜி. கமலினி 16 வயதில் மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் 1 கோடியே 60 லட்ச ரூபாய்க்குப் போனார். அந்தப் பிள்ளையின் பயிற்சிக்காகக் குடும்பமே மதுரையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. கடையும் தொழிலும் உள்ள ஊரை விட்டு எத்தனை குடும்பம் அப்படிப் போக முடியும்?

கொடுக்கிற கைக்குச் சில கேள்விகள்

அடுத்த முறை ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பரிசுக் கப்புக்கு என்றால், "உங்க டீம்ல பதினாறு வயசுக்குக் கீழே எத்தனை பேருடே?" என்று கேட்கலாம். மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்திய வெளியூர் ஆள் எத்தனை என்றும் கேட்கலாம். போன வருஷ ஸ்கோர் புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். புத்தகமே இல்லை என்றால் கிளப்பும் இல்லை என்று பொருள். சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா, வரவு செலவு எழுதுகிறார்களா என்று பார்ப்பது நமக்குக் கைவந்த கலை. பதில் திருப்தியாக இருந்தால் கப்புக்குக் கொடுப்பதில் பாதியைத் தோல் பந்தாகக் கொடுக்கலாம். காசாகக் கொடுத்தால் பந்தல் கூலிக்கும் மைக் செட்டுக்கும் போய்விடும். பந்தாகக் கொடுத்தால் பந்தாகத்தான் இருக்கும்.

வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருப்பதையும் மறக்கக் கூடாது. நாம் ஆடிய இடத்தில் இன்று மாடி வீடு நிற்கிறது. தனி மைதானம் வாங்குவது கிளப்புகளால் ஆகாது. ஆனால் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், நிர்வாகத்தின் அனுமதியோடு, சிமென்ட் தளம் போட்டு வலை கட்டினால் முப்பது பையன்கள் பழகலாம். சில கடைகள் சேர்ந்தால் முடிகிற செலவுதான் அது. விளம்பரப் பலகை வைக்க வேண்டுமென்றால் அந்த வலைமேல் வைக்கலாம். நோட்டீஸைப் போல மறுநாள் பொட்டலம் மடிக்கப் போகாது.

கடைசியாகக் கொள்முதல். கிரிக்கெட் சாமான்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து மீரட்டிலும் பஞ்சாபின் ஜலந்தரிலும் தயாராகின்றன. இந்தியாவில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளுக்குப் பந்து தரும் எஸ்.ஜி. கம்பெனி 1931-இல் சியால்கோட்டில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் மீரட்டுக்கு வந்து காலூன்றியது. கிளப் பையன்கள் ஒவ்வொரு பந்தாகச் சில்லறை விலையில் வாங்குகிறார்கள். துவரம்பருப்பையும் மிளகாய் வற்றலையும் வடக்கேயிருந்து லோடு லோடாக இறக்குகிற நமக்கு, பத்துக் கிளப்புக்கு வேண்டிய பந்தை மொத்தமாக வரவழைத்து அடக்க விலைக்குக் கொடுப்பது கஷ்டமா என்ன? வட்டாரக் கிளைகள் பங்குனிக்கு முன்பே தங்கள் பகுதிக் கிளப்புகளிடம் தேவையைக் கேட்டுப் பட்டியல் எடுத்துவிடலாம். சரக்கு வந்ததும் மழைக்காலத்துக்கு முன் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் தோல் பந்து பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் சற்றுத் தாங்கும் என்கிறார்கள்.